இரவைச் சேமிக்கும் சுவர்கள்

பாலை நிலத்தில் மனித உடல் வெப்பத்தை நான்கு வழிகளில் பெறுகிறது, இழக்கிறது: தழுவும் காற்று, சுற்றிலும் உள்ள பரப்புகளின் கதிர்வீச்சு, தொடும் பொருள், ஆவியாகும் வியர்வை. உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பம் 33 முதல் 35 டிகிரி வரை. காற்றும் சுற்றிலும் உள்ள பரப்புகளும் 35-ஐத் தாண்டிவிட்டால் முதல் மூன்று வழிகளிலும் சூடு உள்ளேதான் வரும். வெளியேற மிஞ்சும் ஒரே வாசல் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். அது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. அந்த மதியத்தில் திறந்த வெளியில் நின்றவரின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது வியர்வையும் காற்றின் வறட்சியும்தான்.

வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்லும். அறைக்குள் இருப்பவர் உணரும் சூட்டில் ஏறத்தாழ பாதி, சுவரும் கூரையும் தரையும் அனுப்பும் கதிர்வீச்சிலிருந்து வருகிறது. காற்று 30 டிகிரியில் இருக்கும் இரண்டு அறைகளில் ஒன்றின் கூரை 28 டிகிரியாகவும் மற்றதன் கூரை 45 டிகிரியாகவும் இருந்தால், ஒன்றில் உறங்கலாம், மற்றதில் உட்காரவும் முடியாது. பாலைவனக் கட்டடக்கலையின் முதல் வேலை காற்றைக் குளிர்விப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. வெயில் படாமல் பரப்புகளைக் காப்பதே முதல் வேலை. காற்றின் முறை அதற்குப் பின்பே வருகிறது.

இந்த நிலத்துக்கு வெயில் எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பு இரவும். ஈரப்பதமும் மேகமும் இல்லாத வானம், பகலில் வெயிலைத் தடையின்றி இறக்குவதுபோலவே இரவில் தரையின் சூட்டைத் தடையின்றி விண்வெளிக்கு விடுகிறது. தெளிந்த வறண்ட இரவில் ஒரு சதுர மீட்டர் கூரை 50 முதல் 100 வாட் வரை வானத்துக்கு இழக்கும். உள்நாட்டுப் பாலைகளில் பகலுக்கும் இரவுக்கும் 15 முதல் 20 டிகிரி வேறுபாடு சாதாரணம். ஈரான் நாட்டுப் பனிக்கட்டிக் கிடங்கான யக்சால் இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டது. குளிர்கால இரவுகளில் உயர்ந்த மதிலின் நிழலில் வெட்டிய ஆழமற்ற பாத்திகளில் நீரைப் பரப்புவார்கள். வானம் அதன் சூட்டை இழுத்துக்கொள்ள, நீர் உறையும். அதை வெட்டியெடுத்துக் கூம்பு வடிவ மண் மாடத்தின் அடிக்குழியில் கோடைவரை சேர்த்துவைத்தார்கள்.

வீடு செய்ய வேண்டியதும் ஏறத்தாழ இதுவே: இரவில் குளிர்ச்சியை வாங்கிப் பகலுக்கு வைத்திருப்பது. அதற்கான பாத்திரம் சுவர். தடித்த மண்சுவரின் வெளிப்பக்கம் காலை வெயிலில் சூடேறத் தொடங்கினாலும் அந்தச் சூடு உட்பக்கத்தை எட்டப் பல மணி நேரம் ஆகும். சுவரின் தடிமன் சரியாக அமைந்தால் நடுப்பகலின் சூடு இரவில்தான் உள்ளே வந்து சேரும். அதற்குள் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். சன்னல்களைத் திறந்தால் போயிற்று. சுவரின் தடிமனைச் செங்கல் கணக்கில் சொல்வது வழக்கம். பாலையில் அதை மணிக்கணக்கில் சொல்வதே பொருத்தம்.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900-1989) இதை எண்களால் காட்டினார். 1964-இல் கெய்ரோவின் கட்டட ஆய்வு மையத்தில் மாதிரி அறைகள் கட்டப்பட்டு அளக்கப்பட்டன. ஒன்று 50 சென்டிமீட்டர் தடித்த சுடாத மண்கல் சுவரும் வளைகூரையும் கொண்டது. இன்னொன்று 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளை முன்கூட்டி வார்த்து நிறுத்தியது. மார்ச் மாதத்து நாள் ஒன்றில் மண் அறையின் காற்று 24 மணி நேரமும் 21-க்கும் 23-க்கும் இடையே நின்றது. கான்கிரீட் அறை 36 டிகிரியைத் தொட்டது. வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம். வெயிலிலிருந்து காக்க எழுப்பிய கூரை, வெளியே நிற்பதைவிட மோசமான ஓர் இடத்தை உள்ளே உண்டாக்கியிருந்தது. ஏழைகளுக்கான நவீன வீடு என்று உலகெங்கும் அரசுகள் கட்டிக்கொடுத்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது அறையின் வழிவந்தவை என்பதுதான் அந்தச் சோதனையை இன்றும் நினைக்கவைக்கிறது.

சுவரைவிடக் கூரைக்குச் சுமை அதிகம். உச்சி வெயிலில் கிடைமட்டப் பரப்பின் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. அடுத்த நிலையில் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அவற்றை நேராகத் தாக்குகிறது. வட அரைக்கோளப் பாலைகளில் கோடைச் சூரியன் தலைக்கு மேலே ஏறிவிடுவதால் தெற்குச் சுவர் ஒரு சிறு இறவாரத்தாலேயே தப்பிவிடும். வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும் என்ற விதி இதனால் வந்தது. செலவே இல்லாத இந்த விதியை, மனைகளை வெட்டிக் கூறுபோடும் வரைபடம் முதல் நாளிலேயே பறித்துவிடுகிறது.

முற்றத்தின் வேலை இரவில் தொடங்குகிறது. கூரைகளில் குளிர்ந்து கனத்த காற்று வழிந்து முற்றத்தில் இறங்கித் தேங்குகிறது. சுற்றியுள்ள அறைகளுக்குள் பரவுகிறது. காலை வெயில் தரையைத் தொட வெகுநேரம் ஆகும் அளவுக்குச் சுவர்கள் உயரமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சி முற்பகல்வரை நிற்கும். கெய்ரோவில் 1648-இல் தொடங்கப்பட்ட சுஹைமி மாளிகையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நிழலடர்ந்த முன் முற்றத்துக்கும் வெயில்படும் பின் வெளிக்கும் நடுவே, இருபுறமும் காற்று புகும்படி ஒரு தாழ்வாரம். பின் வெளியில் சூடேறிய காற்று மேலெழ, முன் முற்றத்தின் குளிர்காற்று தாழ்வாரத்தின் வழியே இழுபடும். காற்றே வீசாத நாளிலும் அங்கே அமர்ந்திருப்பவர்மீது மெல்லிய காற்று ஓடும். தக்தபூஷ் என்று பெயர் கொண்ட அந்தத் தாழ்வாரத்தின் இயக்கத்தை விளக்கி எழுதியவரும் ஃபாத்திதான்.

பாக்தாதின் பழைய வீடுகளில் கட்டடம் நின்ற இடத்தில் நிற்க, மனிதர்கள் நகர்ந்தார்கள். கோடை இரவில் மொட்டைமாடியில் உறக்கம். விடிந்ததும் முற்றத்துக்கு இறக்கம். வெயில் ஏறியதும் சர்தாப் என்ற நிலவறைக்கு. மாலையில் தண்ணீர் தெளித்த முற்றத்துக்கு மீண்டும் ஏற்றம். குளிர்காலத்தில் மேல்தள அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேலை என்று பிரிக்காமல் ஒவ்வொரு வேளைக்கும் ஓர் இடம் என்று பிரித்த வீடு அது. எந்த ஓர் அறையும் 24 மணி நேரமும் இதமாக இருக்க வேண்டியதில்லை. எந்நேரமும் ஏதோ ஓர் இடம் இதமாக இருந்தால் போதும். இந்தச் சிக்கனத்தை இன்றைய அடுக்ககத்தில் கைக்கொள்ள வழியில்லை. மாடி பொதுச்சொத்து, நிலவறை வண்டி நிறுத்துமிடம், முற்றம் என்பதே இல்லை.

காற்றைப் பிடித்து இறக்கும் கோபுரங்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளைக் கடக்க முடியாது. ஈரானின் யஸ்த் நகரம் 2017-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் வானவிளிம்பு முழுக்கப் பாத்கீர் கோபுரங்கள். தௌலதாபாத் தோட்டத்தில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த எண்கோணக் கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரம். தரைமட்டக் காற்று மெல்லியது, புழுதி கலந்தது. உயரத்தில் அது வேகமாகவும் தூய்மையாகவும் வீசுகிறது. கோபுரத்தின் காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடிக் காற்று உள்ளே இறங்குகிறது. எதிர்ப்பக்கம் அழுத்தம் குறைந்து அறையின் சூட்டுக்காற்று வெளியேறுகிறது. ஆனால் 42 டிகிரிக் காற்றைப் பிடித்து இறக்கினால் கிடைப்பது 42 டிகிரிக் காற்றுதான். கோபுரத்தின் அடியில் நீர்த்தொட்டியோ ஈரமான நிலவறையோ இருப்பதால்தான் அது பயன்படுகிறது. அந்த நீர் மலையடிவாரத்திலிருந்து பல கிலோமீட்டர் நிலத்தடிச் சுரங்கமாக வரும் கனாத் கால்வாய்களில் வந்தது. கோபுரம், தொட்டி, கால்வாய் மூன்றும் ஒரே இயந்திரத்தின் உறுப்புகள். கால்வாய் வற்றியபின் நிற்கும் கோபுரம் வெறும் அலங்காரம். வளைகுடா நாடுகளின் பல ஹோட்டல்களின் மேல் இன்று நிற்பது அதுதான்.

சிந்து மாகாணத்து ஹைதராபாதில் முறை வேறு. கோடையில் அரபிக்கடலிலிருந்து தென்மேற்குக் காற்று மட்டுமே தவறாமல் வீசும் என்பதால் அந்நகரின் காற்றுப்பிடிகள் எல்லாமே ஒரே திசையைப் பார்த்து நின்றன. அறைக்கு ஒன்று வீதம் ஆயிரக்கணக்கில் கூரைகள்மேல் எழுந்து நின்ற காட்சியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஒளிப்படங்களில் காணலாம். ஏறத்தாழ எல்லாமே மறைந்துவிட்டன.

கடற்கரைப் பாலையில் இந்த அறிவின் ஒரு பகுதி செல்லாது. துபாயிலும் ஜெத்தாவிலும் மழை அரிது, ஆனால் கோடைக் காற்று நீராவியைச் சுமந்து நிற்கிறது. வியர்வை காயாது, நீர்த்தொட்டி காற்றைக் குளிர்விக்காது, ஈரக்காற்று வானத்தை மூடுவதால் இரவும் போதிய அளவு இறங்காது. அங்கே சுவரின் தடிமனைவிட உடலின்மேல் ஓடும் காற்றுக்கே மதிப்பு. ஜெத்தாவின் பழைய நகரில் பவளப்பாறைக் கல்லால் எழுப்பிய உயர்ந்த வீடுகள் முகப்பு முழுவதும் மரச்சட்டப் பலகணிகளைச் சுமந்து நிற்பது இதற்காகவே. நிழலும் மறைவும் கெடாமல் கடற்காற்று புக வேண்டும். ‘பாலைவனக் கட்டடக்கலை’ என்று ஒரே பெயரில் யஸ்தின் விடையை ஜெத்தாவுக்கு எழுதிக்கொடுப்பவர்கள் ஈரமானியைப் பார்க்காதவர்கள்.

வீட்டைவிடத் தெருவில்தான் இந்த மரபின் முழு அறிவு தெரிகிறது. 1156-இல் நிறுவப்பட்ட ஜெய்சல்மேரில் குறுகிய சந்துகளின் இருபுறமும் உயர்ந்த மாளிகைகள் நின்று ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன. மஞ்சள் மணற்கல் முகப்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரோக்கா மாடங்களும் செதுக்கு வேலையும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல; ஒவ்வொரு மேடும் அருகிலுள்ள பள்ளத்துக்கு நிழல். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே சுவர் பொதுவாக இருப்பதால் வெயில் படும் சுவரே வீட்டுக்கு ஒன்றிரண்டுதான். லிபியாவின் கதாமிஸ் சோலை நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. தெருக்களையே கூரையிட்டு மூடி, இடையிடையே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறப்புகள் விட்டார்கள். கீழே ஆண்களின் நடமாட்டம். மேலே கூரைகளை இணைத்துப் பெண்களுக்கான தனிப்பாதைகள். வெப்ப ஏற்பாடும் சமூக ஏற்பாடும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை இங்கே மறைக்க முடியாது. பெண்ணை மேலேயும் ஆணைக் கீழேயும் வைத்த அந்த ஒழுங்கை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அரசு கட்டித்தந்த புதிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் கோடைப் பகல்களைக் கழிக்கப் பழைய வீடுகளைத் தேடி வருவது நின்றுவிடவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தொடர்ச்சி முறிந்தது. எண்ணெய்ப் பணம், மலிவான மின்சாரம், கார், சிமென்ட் நான்கும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. மனையின் நடுவில் வீடு, நாற்புறமும் கட்டாய இடைவெளி, அகன்ற தார்ச்சாலை என்ற திட்டம் மழையும் பசுமையும் உள்ள நாடுகளில் வெளிச்சத்துக்காகவும் நலத்துக்காகவும் பிறந்தது. பாலையில் அது நான்கு சுவர்களையும் வெயிலுக்குக் காட்டியது. நடக்கும் மனிதரிடமிருந்து நிழலைப் பறித்தது. குவைத்தில் கோடை உச்சத்தில் மின்தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை ஏசி இயந்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஏசி சூட்டை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தன் மோட்டார் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏசிகள் கக்கும் சூடு மட்டுமே சில பகுதிகளில் இரவு வெப்பத்தை ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்துவதாகக் கணக்கிட்டது.

அதே நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43.3 டிகிரியை எட்டியது அல்லது தாண்டியது. அதைவிடக் கவலைக்குரியது இரவுகளின் நிலை: அந்த ஜூலையில் பல இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பான சாவுகள் 645. தடித்த சுவர், முற்றம், மாடி உறக்கம் எல்லாமே குளிர்ந்த இரவு என்ற வருமானத்தை நம்பி நடந்தவை. கான்கிரீட்டும் தாரும் பகல் சூட்டை விடியும்வரை வைத்திருந்து அந்த வருமானத்தையே குறைத்துவிட்டன. இப்போது ஒருவர் தன் மனையில் மட்டும் மண்வீடு கட்டினால் பழைய பலன் முழுதாகக் கிடைக்காது. நகரம் முழுவதும் மாற வேண்டியிருக்கிறது.

எது இதம் என்ற அளவுகோலும் இதில் பங்காளி. டென்மார்க் ஆய்வாளர் ஒலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட சமன்பாடுகள், கட்டுப்படுத்திய அறைகளில் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துப் பெற்ற முடிவுகளிலிருந்து வந்தவை. அவற்றின்மேல் எழுந்த தரநிலைகள் உலகின் அலுவலகங்களுக்கெல்லாம் ஒரே குறுகிய வெப்ப எல்லையை விதித்தன. ஆய்வாளர்கள் ஃபெர்கஸ் நிக்கல், மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் இருவரும் ஆய்வறையை விட்டு மனிதர்கள் வாழும் இடங்களில் கேட்டுப் பார்த்தார்கள். ரூர்க்கி, பாக்தாத் தரவுகளை ஆராய்ந்த நிக்கல், காற்றோட்டம் இருந்தால் 30 டிகிரியைத் தாண்டியும் மக்கள் இதமாக உணர்வதைக் கண்டார். உடை, விசிறி, திறக்கும் சன்னல், இடம் மாறும் உரிமை இவை கையில் இருப்பவரின் இதம் பருவத்தோடு நகர்கிறது. கோட்டும் டையும் அணிந்து 21 டிகிரியில் அமர்வதற்காகப் பாலையில் எரியும் எண்ணெய்க்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை.

பழையது எல்லாம் திரும்ப வேண்டும் என்பது இதற்கு விடையாகாது. லக்சருக்கு எதிர்க்கரையில் ஃபாத்தி 1940-களில் மண்கல்லால் கட்டிய நியூ குர்னா பாதியில் நின்றது. தொல்கல்லறைகளின்மேல் வாழ்ந்து அவற்றையே பிழைப்பாகக் கொண்ட குர்னா மக்கள் அங்கே குடியேற மறுத்தார்கள். கேட்காமல் கொடுத்த வீடு எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது அவர்களுடையதாகவில்லை. கார்கா சோலையில் அவர் தொடங்கிய நியூ பாரிஸ் 1967 போரோடு நின்றது. மண்சுவருக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். மண்கல்லில் ஏழு மாடிவரை எழுந்த ஏமனின் ஷிபாம் 2008 வெள்ளத்தில் சேதப்பட்டது. பூச்சு பூசும் கைகள் வேறு தொழிலுக்குப் போனபின் மண்வீடு சில மழைகளே தாங்கும்.

புதிய முயற்சிகளில் அபுதாபியின் மஸ்தார் நகரம் பெயர் பெற்றது. ஃபாஸ்டர் நிறுவனத்தின் வரைபடம் குறுகிய தெருக்களையும் நிழல் தரும் முகப்புகளையும் 45 மீட்டர் காற்றுக் கோபுரத்தையும் கொண்டுவந்தது. கட்டிமுடிந்த தெருக்களில் நடப்பது சுற்றுப்புறத்தைவிட எளிது. அந்த அளவில் அது வெற்றியே. ஆனால் 2016-க்குள் 50,000 பேர் வாழ்வார்கள் என்ற திட்டம் நடக்கவில்லை. ஜெய்சல்மேருக்கு அருகே டயானா கெல்லாக் வடிவமைத்து 2021-இல் திறந்த ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி அளவில் சிறியது, பாடத்தில் பெரியது. உள்ளூர் மணற்கல், முட்டை வடிவ முற்றம், துளையிட்ட ஜாலிச் சுவர்கள், கட்டியவர்கள் அதே ஊர்க் கைவினைஞர்கள்.

ஃபீனிக்ஸ் கற்ற பாடம் ஒன்றும் இங்கே சேர வேண்டும். 2020 முதல் அந்நகரம் தெருக்களுக்கு வெளிறிய பூச்சு பூசியது. சாலையின் சூடு நன்றாகக் குறைந்தது. ஆனால் நண்பகலில் அங்கே நடப்பவர்மேல் விழும் கதிர்வீச்சு கூடியது, ஏனெனில் சாலை தள்ளிவிட்ட வெயில் மனிதர்மேல் பட்டது. வெளிறிய பூச்சுக்கு உரிய இடம் யாரும் நடக்காத கூரை. நடக்கும் இடத்துக்கு வேண்டியது மரமோ பந்தலோ. சுவருக்கு வெளிப்பக்கம் வெப்பக்காப்பு, உட்பக்கம் கனமான கல்லோ கான்கிரீட்டோ, இரவில் திறக்கும் சன்னல், கூரைக்குமேல் இடைவெளி விட்ட இன்னொரு கூரை: இவை சேர்ந்தால் ஏசி தேவைப்படும் மணிநேரம் பெருமளவு சுருங்கும். முற்றிலும் ஒழியாது, 50 டிகிரி நாளில் முதியவருக்கும் குழந்தைக்கும் அது வேண்டும்.

வளைகுடா நகரங்களைக் கட்டுபவர்களின் இதம் வரைபடங்களில் இடம்பெறுவதில்லை. அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்தவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. அங்கே ஈரப்பதமும் வெயிலும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். சட்டம் வேலை நேரத்தைத் தொட்டிருக்கிறது. அந்த ஓய்வு நேரத்தில் உடல் போய்ச் சேரும் இடம், தகரக் கூரையும் மெல்லிய சுவரும் நெருக்கிய கட்டில்களும் கொண்ட முகாமாக இருந்தால், பகலில் ஏறிய சூடு இரவிலும் இறங்காது. இரட்டைக் கூரை, நிழல் முற்றம், திறக்கும் சன்னல் ஆகியவை தொழிலாளர் குடியிருப்புகளின் கட்டட விதியில் கட்டாயமாக வேண்டும். வளைகுடா அரசுகள் அதைச் செய்ய வேண்டும். ஆட்களை அனுப்பும் நாடுகள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.